கடிக்காத பிள்ளைக்கு ஜன்னலோரம்

வேலை போய், வேறு வேலை தேடி மயிலாப்பூரை விட்டு மாம்பலம் ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் போன மீன்காரி தன் மகளிடம் சொன்னாள்:

"ரயில் கார்டைக் கடிக்கிறதா இருந்தா நீ நாளைக்கு மறியலுக்கு எங்களோட வராதே."

"வெள்ளைக்காரங்க பொட்டியில நாம குந்தினா அவன் இழுப்பானே?"

"இழுக்கட்டும். கடிக்காதே, திட்டாதே, எழுந்திரிக்காதே. டிக்கெட் கீதுன்னு மட்டும் சொல்லு."

"இப்போ நீ இழுத்துப் பாரு."

சிறுமி தெருவிலேயே உட்கார்ந்துகொண்டாள். தாய் கையைப் பிடித்து இழுத்தாள். கிச்சுகிச்சு மூட்டினாள். மகள் புழுதியில் உருண்டு சிரித்தாள். எழவில்லை, கடிக்கவும் இல்லை.

"டிக்கெட் கீது, தொரை!"

"சரி, நீயும் வா."

"எனக்கு ஜன்னலோரம்!"

மறுநாள் காலை எனக்கு ரயில் பெட்டி கழுவும் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரர்களின் பெட்டியில் ஜன்னலோர இருக்கைகளை இரண்டு தடவை துடைத்தேன்.