எச்சில் விரல்

எனக்குச் சுத்தம் முக்கியம், அய்யா. தேனியில் என் சர்வீஸ் கடைக்கு வந்து பாருங்கள். மேசைமேல் ஒரு துளி ஈயம் கிடக்காது. ரிப்பேர் பார்க்க என்னிடம் ஒரு லேப்டாப்பும், அதில் செருகும் உள்ளங்கையளவு ஆசிலாஸ்கோப்பும் உண்டு. ஒயரில் கரண்ட் எப்படி ஓடுகிறது என்பதை அது திரையில் கோடாக வரைந்து காட்டிவிடும். எதையும் கையால் தொட வேண்டியதில்லை.

விஜய்பாண்டி என் தங்கை நாகஜோதியின் புருஷன், கடையில் என் கூட்டாளி. அவருக்கு எல்லாவற்றையும் தொட வேண்டும். ஆட்காட்டி விரலை நாக்கில் நனைத்து பேட்டரியில் வைப்பார், போர்டில் வைப்பார். "கரண்டு எங்கிட்டப் பேசும் மச்சான், உங்க பொட்டி எதுக்கு?" என்பார். பிறகு அதே விரலை என் திரையில் வைத்து, "இந்தக் கோடு என்னா?" என்று கேட்பார். காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும், வெற்றிலை வாடை அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் குழம்பை வழித்து நக்கிய கையாலேயே எனக்குக் கறித்துண்டு எடுத்து வைப்பார். தங்கைக்காக ஆறு வருஷம் விழுங்கினேன். சொல்லியும் பார்த்தேன், சிரித்தார். மற்றபடி நல்ல மனுஷன்தான்.

வருசநாட்டில் கோட்டைச்சாமி தோட்டத்துக்குப் போனோம். காட்டுப்பன்றிக்காகப் போட்ட சோலார் வேலி, கம்பிக்குக் கரண்ட் அனுப்பும் மெஷினில் கோளாறு. அந்த மெஷின் வினாடிக்கு ஒரு உதை கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். தொட்டவன் கையை எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தைரியத்தில்தான் விஜய்பாண்டி எந்த வேலியையும் விரலை நனைத்துப் பிடித்தே சோதிப்பார். மழைநாளுக்கென்று கோட்டைச்சாமி வீட்டுக் கரண்டையும் மெஷினில் கொடுத்திருந்தார். நான் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து ஸ்கோப்பை மாட்டினேன். திரையில் உதையும் இல்லை, ஓய்வும் இல்லை. வீட்டுக் கரண்ட் அப்படியே வேலிக்கம்பியில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தவனை அது விடாது.

விஜய்பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு, வேலியோரம் தண்ணீர் பாய்ந்த சேற்றில் நின்றார்.

"பாத்தாச்சா மச்சான்? கோட்டைச்சாமி அண்ணே டீ வாங்கப் போயிருக்காக. வர்றதுக்குள்ள முடிச்சிருவமா?"

சொல்லிக்கொண்டே விரலை வாயில் வைத்து எடுத்தார். எச்சில் நூலாக இழுபட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சரியாத்தான் இருக்கு மாப்ள. தொட்டுப் பாருங்க" என்றேன்.

எஃப்.ஐ.ஆரில் நீங்கள் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு, திருத்திக்கொள்ளுங்கள். திரையில் ஓடிய கோட்டை, அவர் பிடிப்பதற்கு முன் ஒன்றும் பிடித்திருந்தபோது ஒன்றுமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். நேரமும் அதிலேயே இருக்கிறது. ஒரு நொடியில் போய்விட்டார் என்று நாகஜோதியிடம் சொன்னேன். நாற்பது நொடி ஆனது.

மெயின் சுவிட்ச் என் தலைக்கு மேலேதான் இருந்தது. ஆனால் லேப்டாப் மடியில் இருந்ததே, அய்யா. எழுந்தால் சேற்றில் விழுந்திருக்கும்.