பெர்த்தோல்டுக்கு மூன்று மகன்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கக் கூடாது. அதனால் மேல் மாடித் தம்பித்துரைக்கும் கீழ் மாடியில் இருக்கிற எனக்கும் அன்றைக்கு ஒரு வேலையும் இருக்காது. அவர் இறங்கி வந்து என் கதவைத் தட்டுவார்.

நான் சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்துப் பதினொரு வருடம். அவருக்கு அகதி விசாதான். ஊருக்குப் போனால் அது பறிபோய்விடும். யாழ்ப்பாணத்தில் அவர் மனைவி சிவமலருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. பிரஜாவுரிமை கிடைத்தால் போய்ப் பார்க்கலாம்.

அதற்கு நேர்முகம் உண்டு. நாங்கள் இருக்கிற பேர்ண் நகரத்தைப் பற்றிக் கேட்பார்கள். அவருக்கு ஜெர்மன் பேச வரும், வாசிப்புக் குறைவு. நான் வாசித்துச் சொல்லிக்கொடுத்தேன்.

பேர்ணைக் கட்டியவர் ஐந்தாம் பெர்த்தோல்ட் என்ற ஜெர்மன் கோமகன். ராஜாவாக வாய்ப்பு வந்தும் விட்டுவிட்டார். பிள்ளை ஒன்றும் மிஞ்சவில்லை, அவரோடு வம்சம் முடிந்தது. வாசித்த அன்றே எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. நானும் கலியாணம் கட்டவில்லை.

"அண்ணை, இந்தாள் கடைசியில ராசா ஆனவரோ?" என்று தம்பித்துரை கேட்டார்.

"ஓம், ஆனவர். மூண்டு பொடியள் வேற."

"குடுத்து வைச்ச மனுசன். எனக்கு ஒரு பாஸ்போட்டுக்கே இந்தப் பாடு."

ஒரு பிழைக்காக யாரையும் மறுக்க மாட்டார்கள். அதனால் நகரசபை, கட்சிகள், பள்ளிக்கூட முறை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பிசகாகச் சொன்னேன்.

"மூண்டு பொடியள் எண்டு சொல்ல, கேள்வி கேட்ட மனுசி கண்ணாடியைக் கழட்டிப்போட்டு என்னைப் பாத்தவ," என்றார் நேர்முகம் முடிந்து வந்து. "நீங்கள் வடிவாத்தான் சொல்லித் தந்தனீங்கள் அண்ணை. என்ர மண்டைக்குத்தான் ஏறேல்லை."

விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பித்தார். அந்த முறை வேறு பிழைகளாகச் சொல்லிக்கொடுத்தேன். அதே பிழைகள் என்றால் அவருக்கே சந்தேகம் வந்திருக்கும். அந்த முறையும் மறுத்துவிட்டார்கள்.

அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பாஸ்போர்ட் கிடைத்தால் போவார், போனால் மனைவியோடு இருந்துவிடுவார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வரும், என் கதவைத் தட்ட ஆள் இருக்காது.

போன மாசி மாதம் சிவமலர் இறந்துபோனார். செத்தவீட்டைத் தம்பித்துரை என் வீட்டுக் கதிரையில் இருந்து டெலிபோனில் பார்த்தார். அந்த டெலிபோனை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இனி எனக்கு ஏன் அண்ணை பாஸ்போட்?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கீழே வரவில்லை. நான்தான் படியேறிப் போகிறேன். சில நாள் கதவைத் திறக்க மாட்டார், வெளியே நின்று கதைத்துவிட்டு வருவேன். இந்த நிலைமையில் அவரைத் தனியே விடுகிற ஆள் நான் இல்லை.