இன்னும் ரெண்டு புள்ளி

— பிளேடை நட்டுக்குத்தலா பிடிக்காதேன்னு எத்தனை வாட்டி சொல்றது? சாய்ச்சுப் பிடி. கண்ணாடியில கீறல் விழுந்திடப் போகுது.

— சாய்ச்சுத்தாங்க பிடிச்சிருக்கேன். நீங்க சோப்புத் தண்ணியை ஊத்துங்க, அது போதும்.

— சொன்னா கேளு, தின்னரைத் தொட்டு ஒரு துடை துடைச்சா மொத்தமும் போயிடும்.

— ஆமாமா, சுத்தியிருக்கற ரப்பரும் சேர்ந்து போகட்டும். வண்டிக் கதவுக்குப் பெயின்ட் அடிச்ச உங்க சிநேகிதர் ஒரு பேப்பரைப் போட்டு கண்ணாடிய மூடியிருந்தா இந்தப் பாடு உண்டா?

— பாவம், அவனை விடு.

— அவர் அடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. இத்தனை நாள் நீங்க இதைப் பத்தி வாயே திறக்கலையே?

— அப்ப கண்ணுல படல. இப்ப வெயில்ல பாத்தா ஒரே புள்ளி புள்ளியா மறைக்குது. போன வாரம் ஸ்கூல் கேட்டுல இடிச்சது வேற எதனாலங்கற?

— வண்டி நிறைய பிள்ளைங்க.

— சும்மா அதையே சொல்லாதம்மா. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே.

— ஆகல. அதான் அவங்க அம்மாமார்கிட்ட நானும் பல்லைக் காட்டிச் சமாளிச்சேன். சரி, தண்ணி கலங்கிப் போச்சு. வாளிய மாத்திட்டு வாங்க.

— கொண்டா.

— பாத்து, படி இருக்கு.

— தெரியுது, தெரியுது...

— வரும்போது குழாயை மூடிட்டு வாங்க.

— இந்தா, நல்ல தண்ணி. அப்பாடா! முதுகு பிடிச்சுக்கிச்சு. இந்தப் பக்கத்து சீட்டுல கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

— உக்காந்து அப்படியே டிரைவர் பக்கத்துக் கண்ணாடியப் பாருங்க. முடிச்சுட்டேன். விரலால தடவியும் பாத்துட்டேன், ஒண்ணும் தட்டுப்படல.

— எங்க முடிச்ச? மேல இன்னும் ரெண்டு புள்ளி இருக்கே.

— எங்க?

— கண்ணாடியிலதான். உன் மூஞ்சிக்கு நேரா. கீழ வேற ஒண்ணு, நூல் மாதிரி.

— நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

— பாத்துத்தான் சொல்றேன். வெளிச்சத்துக்கு எதிர்ல பளிச்சுனு தெரியுது. உனக்குத் தெரியலையா?

— எனக்குத் தெரியலைங்க.

— உனக்கு அவசரம். சொன்னா கேளு, பிளேடை எடுத்து இன்னொரு தடவை சுரண்டு. காலைல பிள்ளைங்களை ஏத்தணும்ல.

— எதுலங்க சுரண்டறது? நீங்க வாளியத் தூக்கிட்டுப் போனப்பவே நான் கண்ணாடிய முழுசா கீழ இறக்கிட்டேன்.