சர்க்கரை அல்ல

பொடித்த சர்க்கரையை ஈரக்கையால் தொடக் கூடாது, கட்டி தட்டிவிடும். தி. நகர் மிட்டாய்க்கடைக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன் நான், இதெல்லாம் பழக்கம். என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். தலை நரைத்தபின் அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி வடிவுக்கு இரண்டு நோய். ஒன்று சர்க்கரை, அது நிஜ நோய். மற்றது பயம். மந்தைவெளியில் எங்கள் தெருமுனையைத் தாண்டினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், நான் கூடப் போக வேண்டும். மூட்டை தூக்குகிறவன் வீட்டில் இப்படியொரு பணக்கார நோய்.

எங்கள் தெருவிலேயே பங்கஜம் மாமி வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். மாமிக்கு அமெரிக்காவிலிருந்து மகன் டப்பா டப்பாவாக அனுப்புவான். மூட்டுக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று. மனசுக்கான வெள்ளைப் பொடியைத் தன் டாக்டரிடம் கேட்டுவிட்டு வடிவுக்குக் கொடுத்தாள்.

"தித்திக்கும்டி, ஆனா சக்கரை இல்லே. தீந்தா சொல்லு, இன்னொண்ணு தரேன்."

டப்பாமேல் தமிழில் எழுதியும் ஒட்டியிருந்தாள்: 'இனோசிட்டால், சர்க்கரை அல்ல.' எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரித்தேன். சர்க்கரை அல்லாத சர்க்கரையைத் தின்றால் பயம் போகுமாம்.

பொடியோ வேறெதுவோ, வடிவு தெருமுனையைத் தாண்டினாள். புதிதாய் விட்ட பறக்கும் ரயிலில்கூட ஏறிப் பார்த்தாள். ஒருநாள் அடிபம்பில் குடத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"கே.கே. நகர்ல தங்கச்சி வூட்டாண்ட ஒரு வேல கீதுய்யா. நானே தனியா போய்க்கினு வந்துக்கினு இருப்பேன்."

"பஸ்ல மயங்கி வுழுந்தா எவன் தூக்குவான்?"

"நீ தூக்குற மூட்டைய வுட நான் லேசுதான். எவனாச்சும் தூக்குவான், போ."

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் பொடியைக் கால்வாயில் கொட்டினேன். அங்கிருக்கும் கொசுக்களுக்கு மனக்கவலை தீர்ந்திருக்கும். டப்பாவில் கிடங்குச் சர்க்கரைப் பொடியைப் போட்டேன். வெள்ளைக்கு வெள்ளை, தித்திப்புக்குத் தித்திப்பு. குறையக் குறைய நிரப்பி வைத்தேன். அதில் நான் அசட்டையாக இருந்ததில்லை.

பயம் திரும்பி வந்தது. "ஒரு கரண்டி கூடப் போட்டுக்கோ" என்றேன். போட்டுக்கொண்டாள். காலில் வந்த புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இனிப்பு சாப்பிடுகிறாளா என்று கேட்டார்.

"சக்கரைய கண்ணால கூட பாக்கறதில்ல டாக்டர்" என்று வடிவே சொன்னாள். இரண்டு பேர் பேசும்போது குறுக்கே பேசும் பழக்கம் எனக்கில்லை.

முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. பிறகு அவளே போய்விட்டாள்.

சாவு வீட்டில் மாமி டப்பாவைத் திறந்து பார்த்தாள். "இத்தனை மாசமா இது தீரவே இல்லையா?" என்றாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள்.

தெரிந்தேதான் செய்தேன், கொன்றது நான்தான். ஆனால் வார்டு நர்ஸம்மா எல்லார் முன்னாலும் சொன்னதையும் இதில் சேர்க்க வேண்டும்: "பொண்டாட்டிய இவ்ளோ பாசமா பாத்துக்கிற ஆம்பளைய நான் பாத்ததே இல்ல." அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.