கிற்றார்க்காரனுக்குப் பொருத்தம்

இல்லைச் சாத்திரியார், தேத்தண்ணி வேண்டாம். ஆரும் காண முன்னம் போகோணும். சிரிக்காதையுங்கோ. சாதகத்திலை எனக்கு ஒரு சதத்துக்கும் நம்பிக்கையில்லை எண்டு புத்தூர் முழுக்கத் தெரியும்.

என்னத்தாலையோ? றொக் பாட்டாலை. ஓம், அந்தப் பழைய இங்கிலீசுக் கிற்றார்ப் பாட்டுத்தான். தொண்ணூறுகளிலை, சண்டையாலை கரண்ட் இல்லாத காலம், சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையாலை சுத்தி, டைனமோவிலை ரேப் றெக்கோடரை ஓடவிட்டுக் கேட்டனான். பாடுறவன் அங்கை, என்ரை வழியிலை நான் போறன், ஒருத்தரும் மறிக்காதையுங்கோ எண்டு கத்துவான். நான் இஞ்சை சுத்துறதை விட்டா அவன்ரை தொண்டை அடைச்சுப்போம்.

எண்டாலும் அந்தப் பாட்டை நம்பினன். குணலட்சுமியைச் சாதகக் குறிப்புப் பாக்காமல்தான் கட்டினன். மகள் தனுசியாவையும் அப்பிடித்தான் வளர்த்தன். ஆருக்கும் பயப்பிடாதை பிள்ளை, உன்ரை மனம் சொல்லுறபடி நட எண்டு. நடந்திட்டாள்! ஒருத்தனைக் கொண்டந்து முற்றத்திலை நிப்பாட்டியிருக்கிறாள்.

டிலக்ஷன் எண்டு பேர். பழுது சொல்லேலாது, மரியாதையான பெடியன். ஆனா வங்கி வேலையை விட்டிட்டுக் கிற்றார் அடிக்கிறான். ஏன் தம்பி விட்டனீர் எண்டு கேட்டன். மூச்சு முட்டுது அங்கிள், சுதந்திரமாய் இருக்கோணும் எண்டான். என்ரை வசனம் சாத்திரியார், அப்பிடியே என்ரை வசனம்! பத்திக்கொண்டு வந்திச்சு. வாய் திறக்கேலுமே? திறந்தா, நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள் எண்டு அவள் நிப்பாள்.

நானும் மூண்டு வேலை விட்டனான். விட்டிட்டுப் பாட்டைப் போட்டுக்கொண்டு கிடந்தன். குணலட்சுமி இருபத்தாறு வருசமாய் இடியப்பம் அவிச்சுக் கடையளுக்குக் குடுக்கிறா. இண்டுவரைக்கும் வாய் திறந்து ஒரு சொல்லுச் சொன்னதில்லை.

ஓம், ஓம், விசயத்துக்கு வாறன். கலியாணத்துக்கு மனிசிக்கு மறுப்பில்லை. ஆனா குறிப்புப் பாக்கோணும் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறா. பாக்காமல் கட்டினவவுக்கு இப்ப என்ன வந்ததோ தெரியாது. தனுசியாவும், அம்மான்ரை ஆசைக்குப் பாருங்கோ, பொருந்தாட்டி விடுறன் எண்டிட்டாள். நாளைக்கு மனிசி ரண்டு குறிப்பையும் உங்களிட்டைக் கொண்டருவா.

நீங்கள் பிரிச்சும் பாக்க வேண்டாம். பொருந்தாது எண்டு சொல்லிவிடுங்கோ. என்ரை வாயாலை எனக்குச் சொல்லேலாது.

என்ன? நேற்றே வந்தவவோ? தனியவோ?

அவவும் பொருந்தாது எண்டுதான் சொல்லச் சொன்னவவோ?

காரணம் என்னவாம்? ... இல்லை, விடுங்கோ. சொல்லாதையுங்கோ. எனக்குத் தெரியும்.