வாளியில் ஏறிய உப்பு

என்னைப் பேச அழைத்துவிட்டு, அழைத்த நொடியிலிருந்தே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாதுகாப்பு அதிகாரியான தலைவர் அவர்களே! இந்தத் துறைமுகக் களத்தில் தலைநரைத்த பெரியோர்களே! இரும்போடு மல்லுக்கட்டும் தோழர்களே! அவர்களை வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் வழிபார்த்திருக்கும் தாய்மார்களே! உங்கள் கேன்டீன் சமையல்காரியின் வணக்கம்.

என்ன, பசிக்கிறதா? பொறுங்கள் ஐயா! நான் மேடையை விட்டு இறங்கினால்தான் அடுப்பங்கரைக் கதவு திறக்கும்.

ஜன்னல் வழியே பாருங்கள். மூன்றாம் எண் கிரேன் காலையிலிருந்து அசையாமல் நிற்கிறது. அதை ஓட்டுபவர் என் அண்ணன். மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருக்கிறார். மூன்று மாதங்களுக்கு முன் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: அடுத்த பரிசோதனைக்குள் ரத்த அழுத்தம் குறையாவிட்டால் அந்த உயரத்துக்கு ஏற முடியாது. இருபது வருடம் வானத்தில் உட்கார்ந்தவரைத் தரையில் உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்?

மாத்திரை தவறவில்லை. நான் சட்டியில் உப்பைக் குறைத்தேன், சூப்பில் குறைத்தேன், சுண்டவைத்த காயில் குறைத்தேன். நீங்கள்கூடத் திட்டினீர்கள், காதில் விழுந்தது! ஆனாலும் ஒரு மாதம் கழித்து அளந்தால் அழுத்தம் இம்மியும் இறங்கவில்லை. கீழே குறைத்த உப்பு எங்கே போயிற்று? எந்த வழியாகப் போயிற்று? எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

அண்ணன் சாப்பிட இறங்குவதில்லை. பசித்தால் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டிய வாளியைக் கயிற்றில் இறக்குவார். நான் சாப்பாட்டை வைப்பேன், அது மேலே போகும். மேலே என்ன நடக்கிறது என்று யார் கண்டது? ஒருநாள் நானே ஏணியில் ஏறிவிட்டேன். தலைவர் அவர்களே, அனுமதியோடுதான் ஏறினேன். தந்தவர் யாரென்று மட்டும் கேட்காதீர்கள்!

அந்தக் கண்ணாடி அறையில் வரிசையாக ஐந்து சாஸ் பாட்டில்கள்! சோயா சாஸ் மூன்று, மிளகாய் சாஸ் ஒன்று, நான் வாங்கித் தந்த ‘உப்பு குறைவு’ பாட்டில் ஒன்று.

“இது என்னண்ணா?”

“இது உப்பு கம்மியான சாஸும்மா. அதான் மூணு மடங்கு ஊத்திக்கிறேன்.”

சிரிக்கிறீர்களா? வாயில் வைத்துப் பார்க்குமுன்னே பாட்டிலைக் கவிழ்ப்பவர்கள் கையைத் தூக்குங்கள்! தூக்காதவர்களையும் எனக்குத் தெரியும். பரிமாறும் ஜன்னலுக்குப் பின்னால் நிற்பது யார் என்று நினைத்தீர்கள்?

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டேன். சில்லென்று ஆறிப்போய் மண் மாதிரி இருந்தது. சரக்கு இறக்கி முடிக்கும்வரை அது ஒரு மணி நேரம் காத்திருக்குமாம்.

“ஆறினா ருசியே இல்லம்மா. இதை ஊத்தினாத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கு.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் தேடியது உப்பையா? ருசியை அல்லவா! சமைத்தவள் தராத ருசியை அவர் பாட்டிலில் தேடியிருக்கிறார்.

அன்றிலிருந்து சூடு தாங்கும் டப்பாவில் சாப்பாடு போனது. கூடவே என் சோதனைகளும் போயின! பச்சை மிளகாயை வினிகரில் ஊறவைத்து அனுப்பினேன். அவர் இருமிய இருமலில் கைபட்டு ஹாரன் அலற, கரையில் நின்ற கப்பல் பதிலுக்கு அலறியது. பிறகு சுட்ட பூண்டை நசுக்கி, எலுமிச்சை பிழிந்து, மிளகை இடித்துப் போட்டேன். வறுத்த எள்ளைத் தூளாக்கி அனுப்பினேன். சாஸ் கேட்டு அடம்பிடித்த நாளில் ஒரே ஒரு சிறு கரண்டி, அதுவும் தொட்டுக்கொள்ள மட்டும். முதல் வாரம், “வாயே செத்துப்போச்சும்மா” என்று முனகினார். நான்காம் வாரம் கூப்பிட்டார்.

“கேரட்ல சர்க்கரை போட்டியா? இப்படி இனிக்குது!”

போடவில்லை தோழர்களே! ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை! அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது? எப்போதும் அங்கேதான் இருந்தது. நாம்தான் அதன்மேல் கடல் உப்பையெல்லாம் கவிழ்த்துக்கொண்டிருந்தோம்! பூண்டுக்கு ஒரு மணம் இல்லையா? எலுமிச்சைக்கு ஒரு துடிப்பு இல்லையா? மிளகுக்கு ஒரு மிடுக்கு இல்லையா? அத்தனையையும் ஒற்றைப் பாட்டிலின் மூடிக்கு அடியில் அடைத்து வைத்தது யார்? நாளை முதல் உங்கள் மேசைகளில் சாஸ் நிற்காது. கேட்டால் தருவேன், கரண்டியில் தருவேன். முதலில் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு என்னோடு சண்டைக்கு வாருங்கள்!

என்ன, எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டீர்கள்? மழையா?

வாளி! சிவப்புத் துணி கட்டிய வாளி இறங்குகிறது! ஏறவிட்டிருக்கிறார்கள்! என் அண்ணனை ஏறவிட்டிருக்கிறார்கள்!

மன்னியுங்கள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். தலைவர் அவர்களே, இனிக் கடிகாரம் பார்க்க வேண்டியவள் நான்தான். இன்னும் ஒரு வார்த்தை பேசினாலும் சாப்பாடு ஆறிவிடும். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். வழிவிடுங்கள், அம்மா! யாராவது அடுப்பங்கரையிலிருந்து அந்த எலுமிச்சைச் சாறு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள்!