எழுதாமல் விட்ட அரை ஸ்பூன்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சமையல் புத்தகக் குழுத் தலைவி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் என் நண்பர் தையல்காரரே, வண்டிக்காகக் காத்திருந்து காத்திருந்தே பழகிப்போன நோயாளிகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் வகுப்பில் நின்றவனுக்கு ஐந்து நிமிடத்தில் முடிக்கத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம் கம்பவுண்டர் அக்காவைத் தங்கம் என்றார்கள். குழுவின் முதுகெலும்பு என்றார்கள். நான்கு மாதத்துக்கு முன்னால், இதே அறையில், இதே நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு அவரை என்ன சொன்னோம்? அதற்குள் மறந்துவிட்டதா?

டயாலிசிஸுக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்ல நம் தெருக்களில் ஒரு வண்டி ஓடுகிறது. அதற்கு டீசல் போடத்தான் இந்தப் புத்தகம். நாற்பது வீடுகள், நாற்பது சமையல் குறிப்புகள். ஆஸ்பத்திரியில் ஆயுள் முழுக்க மருந்து அளந்து கொடுத்த அக்கா, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நான் செஞ்சு பாக்காம எதுவும் அச்சுக்குப் போகக் கூடாது."

எட்டு மாதம் செய்து பார்த்தார். இதோ இருக்கிறாரே தையல்காரர், அக்காவின் கணவர், அன்று என்னிடம் புலம்பினார்: "வாத்தியாரே, நாலு நாளா ஒரே ஆப்பிள் கேக்கைத் திங்கிறேன். ஊசியில நூல் கோக்கறப்பகூட ஆப்பிள் வாசனைதான் வருது!"

ஒரே கேக்கை ஏன் நாலு நாள் செய்தார்? நாம் கொடுத்த ஒவ்வொரு குறிப்பிலும் ஏதோ ஒன்று குறைந்தது. மறதியால் அல்ல. நம் வீட்டு ருசி அடுத்த வீட்டு அடுப்பில் வந்துவிடக் கூடாது என்று ஆளுக்கு ஒன்றை ஒளித்துக்கொண்டோம். தர்மத்துக்கு என்று கொடுத்ததிலும் ஒரு பிடியை மடியில் கட்டிக்கொண்டவர்கள் நாம்!

அக்கா அதைக் கண்டுபிடித்தார். ஊரைக் கூட்டிச் சொன்னாரா? இல்லை. மருந்துச் சீட்டு அளவுக் காகிதத்தில், விட்டுப்போன பொருளையும் அளவையும் எழுதி, மடித்து, அந்தந்த வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தார். "இதைச் சேத்துக்கலாமான்னு நீங்களே சொல்லுங்க" என்றார். தனக்கென்று ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளவில்லை.

நமக்குக் கோபம் வந்தது. "எங்க வீட்டுச் சமையலுக்கு மார்க் போட இவ யாரு?" கொடுத்தது கொடுத்தபடியே அச்சாக வேண்டும் என்று கை தூக்கினோம். பெருமைக்காகக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியும் சேர்த்தோம்: எல்லாம் செய்து சரிபார்க்கப்பட்டவை. அதன் கீழே அக்காவின் பெயர், அவர் கைபேசி எண்.

"வேண்டாங்க, நான் சரின்னு சொன்னது இது இல்லையே" என்று கெஞ்சினார். தலைவி அவர்கள் சொன்னார்கள்: "பேரு வருதேன்னு சந்தோஷப்படுங்கக்கா."

பேர் வந்தது! எப்படிப்பட்ட பேர் தெரியுமா? ஒருநாள் நான் அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எதிர்முனையில் பேசிய பெண்ணின் குரல் எனக்கே கேட்டது. "என்னம்மா, தக்காளி சூப்பை செஞ்சு பாத்தீங்களா, இல்ல கனவுல பாத்தீங்களா? வாயில வைக்க முடியல!" அக்கா சொன்னார்: "போனை வச்சுடாதீங்கம்மா. இறக்கறப்ப அரை ஸ்பூன் சர்க்கரை போட்டுப் பாருங்க. தப்பு என்னோடதுதான்." அந்த சூப் யார் வீட்டுக் குறிப்பு என்று கடைசியில் சொல்கிறேன்.

விற்பனை நின்றது. கட்டுக் கட்டாய்ப் புத்தகங்கள் இந்த அறைக்குப் பின்னால் கிடக்கின்றன. டீசலுக்குப் பணமில்லாமல் சனிக்கிழமை வண்டியும் நின்றது. உடனே கூட்டம் போட்டோம். 'சோதித்தவரின் அலட்சியமே காரணம்' என்று தீர்மானக் குறிப்பேட்டில் எழுதினோம். எழுதியவன் யார்? செயலாளராகிய நான். எனக்கு நல்ல கையெழுத்து.

ஒரு கணக்கு வாத்தியார் கரும்பலகையில் ஓர் எண்ணை எழுதாமல் விட்டுவிட்டு, விடை தப்பு என்று பிள்ளையை நிற்கவைத்தால் அவரை என்னவென்று சொல்வீர்கள்? அந்தப் பிள்ளையை நான்கு மாதம் நிற்கவைத்தோம். இனி அவர் உட்காரப்போவதில்லை.

"உண்மையைச் சொல்லிடுங்களேன் அக்கா" என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். "அது அவங்கவங்க வாயால வரணும் சார். நான் சொன்னா அது கோள்" என்றார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபோதும் அப்படி ஒரு போன் வந்திருக்கிறது. பேச முடியவில்லை. சைகை காட்டி, கணவரை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார். தையல்காரர் என்னிடம் கேட்டார்: "உயிர் போற நேரத்துல உப்பு எவ்வளவுன்னு சொல்லிக்கிட்டு இருந்தா சார். யாரு சமையலுக்கு?" மேடையில் இருப்பவர்களே, உங்களிடம் பதில் இருக்கிறதா?

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே ஒவ்வொருவரும் உறுதி சொன்னீர்கள். எதை வைத்துத் தொடர்வீர்கள்? சரியான அளவுகள் அவர் வீட்டில் இல்லை. நாற்பது சீட்டுகளாக நம் வீட்டு அலமாரிகளில் மடிந்து கிடக்கின்றன. அவை வெளியே வந்தால்தான் இரண்டாம் பதிப்பு வரும். சனிக்கிழமை வண்டியும் ஓடும்.

என் சீட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். பதினாறாம் பக்கம், தக்காளி சூப். இறக்கும்போது அரை ஸ்பூன் சர்க்கரை. எழுதாமல் விட்டவன் நான். அன்று அவர் என் பழியை ஏற்றுக்கொண்டபோது எதிரே உட்கார்ந்து டீ குடித்தவனும் நான். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குறிப்பேட்டில் அந்தத் தீர்மானத்தை அடித்துவிட்டு, கீழே என் தப்பை எழுதியிருக்கிறேன். அடுத்த வரி காலியாக இருக்கிறது.

பதினேழாம் பக்கம், ஆப்பிள் கேக். தலைவி அவர்களே, மைக்கை உங்கள் பக்கம் திருப்புகிறேன். சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.